தவள மாட்டிலிருந்து பக்கி வரை: பின் சில்லில் இருக்கும் ஷொக் சொல்லும் வரலாறு



இது கொஞ்சம் நீண்ட பதிவு. பன்வில, மடுல்கலை, ஹுலுகங்கை, வத்துகாமம் பக்கம் பிள்ளைகளை ஓட்டோவிலும் வேனிலும் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் கடைசி வரை வாசித்தால் மிகவும் நல்லது.

போன விடுமுறையில் எங்கள் தம்பிமார் சிலர் சேர்ந்து ஒரு பக்கி செய்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், இரும்புக் குழாய், கழித்துப் போட்ட வாகனங்களின் பாகங்கள், இரவிரவாக வெல்டிங். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, மாஷா அல்லாஹ். பின் சில்லு இரண்டுக்கும் கொயில் ஸ்ப்ரிங் போட்டார்கள். ஷொக் அப்சோபர் போடவில்லை. கையில் இருந்த காசு முடிந்துவிட்டது. "ஸ்ப்ரிங் இருக்குதானே சேர், ஷொக் என்னத்துக்கு?" என்று எங்களிடமே கேட்டார்கள். அப்போது நாங்களும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிழை எங்களுடையது.

தேயிலை மலைப் பக்கத்து மண் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. இறங்கும்போது இரண்டு மூன்று குழிகள் வரிசையாக வந்தன. பின் பக்கம் துள்ளத் தொடங்கியது. முதல் குழிக்குச் சிறு துள்ளல், அடுத்ததற்குப் பெரிய துள்ளல். பிறகு வண்டி பக்கவாட்டாகத் திரும்பி மண் திட்டில் போய் மோதியது. ஓட்டிய தம்பிக்கு மணிக்கட்டு முறிந்தது. அதோடு போனது, அல்ஹம்துலில்லாஹ். பாதையின் மறுபக்கம் பள்ளம்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ப்ரேக் பிடிக்கவில்லை என்றார்கள், எஞ்சின் வேகம் கூட என்றார்கள், கண்ணூறு என்றும் சொன்னார்கள். கராஜ் வைத்திருக்கும் ஒரு நானா வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "ப்ரேக்ல பிழை இல்ல தம்பி. சில்லு நிலத்துல இருந்தாத்தானே ப்ரேக் பிடிக்கும்."

அந்த வசனம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "ஸ்ப்ரிங் இருக்க ஷொக் எதற்கு?" என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்க உலகத்துக்கே ஏறத்தாழ நூறு வருடம் பிடித்தது. அந்தக் கதையில் எங்கள் மலைநாட்டுக்கும் எங்கள் மூதாதையருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

*

முதலில் எங்கள் பங்கு.

கண்டி இராச்சிய காலத்தில் மன்னரின் நிர்வாகத்தில் "மடிகே பத்த" என்றொரு பிரிவு இருந்தது. பொதி மாடுகளில் பொருள் ஏற்றி இறக்கும் போக்குவரத்துப் பிரிவு அது. அதில் பெருமளவில் வேலை செய்தவர்கள் கண்டிய முஸ்லிம்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறும், மலையிலிருந்து பாக்கு இறங்கும். வரிசையாகப் போகும் இந்த மாட்டுக் கூட்டத்தைத்தான் தவளம் என்றார்கள். கலாநிதி லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். வாய்ப்புள்ளவர்கள் வாசியுங்கள். கண்டி மன்னர்கள் வேண்டுமென்றே அகலமான பாதை அமைக்கவில்லை. பாதை நல்லதாக இருந்தால் எதிரிப் படையும் சுலபமாக வந்துவிடும். ஆகவே காட்டு ஒற்றையடிப் பாதைதான். அதில் சில்லு உருளாது, கால்தான் நடக்கும்.

மாட்டின் காலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கல்லில் கால் வைக்கும்போது மூட்டு மடிகிறது. அது ஸ்ப்ரிங் வேலை. ஆனால் மடிந்த கால் பந்து போல மாட்டைத் தூக்கி எறிவதில்லை. தசை அந்த வேகத்தை உள்ளே வாங்கி அடக்கிவிடுகிறது. அது ஷொக் வேலை. இரண்டையும் ஒரே காலில் வைத்துப் படைத்தவன் அல்லாஹ். மனிதன் சில்லுக்கு மாறியபோது ஸ்ப்ரிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டான்.

*

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி பாதை வெட்டப்பட்டது. அதன் பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாகக் கட்டிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. 1832இல் அந்தப் பாதையில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன. எங்கள் மடுல்கலை, கலபொக்க, நக்கிள்ஸ் மலைப்பக்கம் எல்லாம் அன்று பேர்போன கோப்பிப் பிரதேசங்கள். கோப்பி மூட்டைகளை மாட்டு வண்டிகள் இறக்கின. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து 1869இல் கோப்பியில் இலை நோய் தொடங்கியது. பிறகு தேயிலை. பயிர் மாறியதே தவிர, மேலிருந்து பாரத்தைக் கீழே இறக்கும் கஷ்டம் மாறவில்லை.

பாரம் ஏற்றும் மாட்டு வண்டிக்கு ஸ்ப்ரிங் கிடையாது. எக்ஸல் நேராகச் சட்டத்தில் இருக்கும். குலுக்கும், ஆனால் துள்ளாது. துரைமார் ஏறிய குதிரை வண்டிக்கு ஸ்ப்ரிங் இருந்தது. இங்கிலாந்தில் ஒபதாயா எலியட் என்ற வண்டி செய்பவர் 1804இல் வளைந்த தகட்டு ஸ்ப்ரிங்குக்குக் காப்புரிமை எடுத்தார். "பக்கி" என்ற சொல்லும் அந்தக் குதிரை வண்டிக் காலத்துச் சொல்தான். எங்கள் பெரியவர்கள் பக்கிக் கரத்தை என்று சொன்னது அதைத்தான். இன்று மண்ணில் ஓடும் வண்டிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தகட்டு ஸ்ப்ரிங்கில் ஒரு நன்மை இருந்தது. பல தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்வதால் துள்ளலைக் கொஞ்சம் அதுவே அடக்கும். குதிரையின் வேகத்துக்கு அது போதுமாக இருந்தது. மோட்டார் வாகனம் வந்த பிறகு போதவில்லை.

*

ஏன் போதவில்லை? வகுப்பில் நாங்கள் செய்து காட்டும் சிறிய பரிசோதனை ஒன்று உண்டு. வீட்டிலும் செய்யலாம். ஒரு ஸ்ப்ரிங்கில் ஒரு கல்லைக் கட்டித் தொங்க விடுங்கள். கீழே இழுத்து விடுங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடும். பிள்ளைகள் முப்பதுக்கு மேல் எண்ணிக் களைத்துப்போவார்கள். இப்போது கல்லோடு ஒரு அகலமான தகரத் தட்டைக் கட்டி, அந்தத் தட்டுத் தண்ணீர் வாளிக்குள் இருக்கும்படி வைத்து மீண்டும் இழுத்து விடுங்கள். மூன்று நான்கு ஆட்டத்தில் நின்றுவிடும்.

ஸ்ப்ரிங் சக்தியை அழிப்பதில்லை, கடனாக வாங்கி வைக்கிறது. குழியில் வாங்கிய அடியை அடுத்த கணம் திருப்பிக் கொடுக்கிறது. ஷொக் அந்தச் சக்தியை வாங்கி வெப்பமாக்கி வெளியே விட்டுவிடுகிறது. நீண்ட தூரம் கரடுமுரடான பாதையில் வந்த வாகனத்தின் ஷொக்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது சூடாக இருப்பது தெரியும். அந்தச் சூடுதான் அது வேலை செய்ததற்குச் சாட்சி.

உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு குழாய், அதற்குள் ஒயில், ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி மெதுவாகத் தள்ளினால் சுலபமாகப் போகும். வேகமாகத் தள்ளினால் கை வலிக்கும். ஷொக்கும் அப்படித்தான். மெதுவான அசைவுக்கு விட்டுக்கொடுக்கும், வேகமான துள்ளலைத் தடுக்கும். பெரும்பாலான ஷொக்கில் சில்லு மேலே ஏறுவதைவிட, ஸ்ப்ரிங் திரும்பி விரிவதைத் தடுக்கும் பலம் அதிகமாக இருக்கும். திருப்பி அடிக்கும் அடியைத்தான் முதலில் அடக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் படிப்படியாக வந்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் டிரூஃபோ என்பவர் ஒன்றோடொன்று உராயும் தட்டுகளை வைத்துத் துள்ளலை அடக்கும் கருவி செய்தார். அமெரிக்காவில் எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் அதை வாங்கிப் பெருமளவில் செய்து விற்றார். எலியட்டின் ஸ்ப்ரிங்கிலிருந்து இதுவரை எண்ணினால் அந்த நூறு வருடக் கணக்கு சரியாக வரும். உராயும் தட்டு மழையிலும் எண்ணெயிலும் குணம் மாறும், தேய்ந்தும் போகும். ஆகவே பிரான்சின் மோரிஸ் ஹுடாய் போன்றவர்கள் ஒயிலைப் பயன்படுத்தும் ஷொக்குக்கு வந்தார்கள். 1920களின் கடைசியில் ஃபோர்ட் கம்பனி தன் "மொடல் ஏ" காரில் ஹுடாய் வகை ஷொக்கை எல்லாக் காருக்கும் போட்டே விற்றது. அதற்குப் பிறகு ஷொக் பணக்காரரின் சொகுசுப் பொருளாக இருக்கவில்லை.

*

போர்க் காலத்தில் அது எங்கள் மலையிலும் இருந்தது. 1944இல் மவுன்ட்பேட்டன் பிரபு தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் வைத்தார். அந்தப் படையோடு ஜீப்களும் வந்தன. தகட்டு ஸ்ப்ரிங்கோடு ஒயில் நிரப்பிய குழாய் வடிவ ஷொக்கும் அதில் இருந்தது. 1948இல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் வெளிவந்தது. பிறகு தோட்டத்துத் துரை என்றால் லாண்ட் ரோவர் என்று எங்கள் வாப்பாமார் சொல்லும் காலம் வந்தது. நான்கு சில்லும் இழுக்கும் பலத்தைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அந்தச் சில்லுகளை நிலத்தில் அழுத்தி வைத்திருந்த ஷொக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

பக்கிக்கு அந்தப் பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. 1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் பாகங்களை எடுத்து, கண்ணாடி இழை உடல் பொருத்தி, "மேயர்ஸ் மேங்ஸ்" என்ற பக்கியைச் செய்தார். 1967இல் அவரும் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா பாலைவனத்தில் லா பாஸிலிருந்து டிஹுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டி, அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்கள். அதே வருடம் அங்கு முதல் பந்தயம் நடந்தது. அதில் வென்றதும் ஒரு மேங்ஸ் பக்கிதான். இன்று பாஹா 1000 என்று உலகம் அறிந்த பந்தயம் அதுதான்.

அந்தப் பாலைவனத்தில் முதலில் தோற்றுப்போகும் பாகங்களில் ஒன்று ஷொக். மணிக்கணக்காகத் துள்ளினால் உள்ளே ஒயில் கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், நுரைக்கும். நுரைத்த ஒயில் துளை வழியே தடையில்லாமல் போய்விடும். வெளியே பார்த்தால் ஷொக் இருக்கும், உள்ளே வேலை இருக்காது. ஆகவே ஒரு சில்லுக்கு இரண்டு மூன்று ஷொக் கூடப் போட்டு ஓட்டினார்கள். நுரைப்பதைத் தடுக்க நைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தில் ஒயிலை வைக்கும் முறையை 1950களிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி தெ கார்பன் உருவாக்கியிருந்தார். "கேஸ் ஷொக்" என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் தொடக்கம் அங்கேதான்.

*

இப்போது எங்கள் தம்பிமாரின் பக்கிக்கு வருவோம். ஏன் குறிப்பாகப் பின் ஷொக்?

முதலாவது, பாரம். எஞ்சின் பின்னால், ஓட்டுபவரும் கிட்டத்தட்டப் பின்னால். பாரம் எங்கே அதிகமோ அங்கே ஸ்ப்ரிங் வாங்கும் கடனும் அதிகம்.

இரண்டாவது, இழுவை. பின் சில்லுதான் வண்டியைத் தள்ளுகிறது. சில்லு துள்ளி நிலத்தை விட்டால் வெறுமனே சுழலும். திரும்பி நிலத்தில் விழும்போது திடீரென்று பிடிக்கும். செயின், கியர், எக்ஸல் உடைவது இப்படித்தான்.

மூன்றாவது, நேரம். முன் சில்லு குழியைக் கடந்த பிறகுதான் பின் சில்லு அங்கே வரும். மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் விநாடிக்கு 8 மீற்றருக்கும் கொஞ்சம் மேல். முன் பின் சில்லுக்கு இடையில் 2 மீற்றர் என்றால் கால் விநாடிதான் இடைவெளி. முன் பக்கம் கீழே அமரும் அதே கணத்தில் பின் பக்கம் மேலே எறியப்பட்டால் வண்டி மூக்கைக் குத்தும். ஷொக் இல்லாத ஸ்ப்ரிங் விநாடிக்கு ஒன்றரைத் தடவை ஆடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஐந்தரை மீற்றருக்கு ஒரு ஆட்டம். குழிகளும் அதே இடைவெளியில் வந்தால் ஒவ்வொரு குழியும் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஆட்டத்தைப் பெருக்கும். முதல் துள்ளல் சிறிதாகவும் அடுத்தது பெரிதாகவும் இருந்தது இதனால்தான்.

நான்காவது, திசை. முன் சில்லு பிடி விட்டால் வண்டி நேராகப் போகும். பின் சில்லு பிடி விட்டால் வண்டி சுழலும். சுழல்வதைப் பிடித்துத் திருப்ப அனுபவமுள்ள பந்தய ஓட்டுநருக்கே கஷ்டம். பதினெட்டு வயதுத் தம்பிக்கு எப்படி முடியும்?

ஐந்தாவது, கராஜ் நானா சொன்ன ப்ரேக். பின் சில்லு அரை விநாடி காற்றில் இருந்தால் வண்டி 4 மீற்றர் போய்விடும். அந்த 4 மீற்றருக்கும் பின் ப்ரேக் இருந்தும் இல்லாததுதான்.

*

இதெல்லாம் பக்கி செய்கிறவர்களுக்கு மட்டும் என்றால் இந்தப் பதிவு தேவையில்லை. எங்கள் உண்மையான கவலை பாடசாலை விட்டுப் பாதையில் நிற்கும்போது வருகிறது.

நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022 நெருக்கடியில் உதிரிப் பாகங்களின் விலை எங்கேயோ போனது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் பழைய வண்டிகளைத்தான் இழுத்துப் பிடித்து ஓட்டினோம். எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும், ஆகவே எஞ்சினைச் செய்வோம். ஷொக் செத்தால் வண்டி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அதை அடுத்த மாதம் பார்ப்போம் என்று விடுவோம். எங்கள் வண்டியிலும் அப்படித்தான் விட்டிருந்தோம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஓட்டோவுக்கு முன்னால் ஒரு சில்லு, பின்னால் இரண்டு. பிள்ளைகளின் பாரம் முழுக்கப் பின்னால். பின் ஷொக் ஒன்று செத்தால் வளைவில் அந்தப் பக்கம் வேகமாகச் சாயும். எங்கள் பாதையில் வளைவு இல்லாத இடம் எது? இரண்டு மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஏழு பிள்ளைகளும் அவர்களின் புத்தகப் பைகளும் ஏறினால், நல்ல ஷொக்கும் அடியில் முட்டிவிடும். வாயில்லாப் பிராணி மீதுகூடத் தாங்காத சுமை ஏற்றக் கூடாது என்பது நமக்கு மார்க்கம் சொல்லித் தந்தது. தவளம் ஓட்டியவர்கள் ஒரு மாடு எவ்வளவு தாங்கும் என்று அறியாமல் அந்தத் தொழிலைச் செய்திருக்க முடியாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் இரும்பு வண்டி என்பதால் கணக்குப் பார்க்காமல் இருக்கலாமா?

ஓட்டோ ஓட்டும் சகோதரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பெற்றோர் கொடுக்கும் மாதக் காசு அவர்களுக்கு எந்த மூலைக்கும் போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே இரண்டு பக்கமும் பொறுப்பு இருக்கிறது.

ஓட்டும் சகோதரர்களுக்கு: வண்டியின் பின் மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஒரு தடவையில் நின்றால் பரவாயில்லை. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷொக் போய்விட்டது. குழாயில் ஒயில் வழிந்த தடம் இருக்கிறதா, டயர் ஒரே சீராக இல்லாமல் இடையிடையே பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, புஷ் ஆடுகிறதா என்று பாருங்கள். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஷொக்கைக் கழற்றிவிட்டு ஸ்ப்ரிங்கை மட்டும் இறுக்கி ஓட்டுவது தீர்வு அல்ல, துள்ளலைக் கூட்டும்.

பெற்றோருக்கு: "இன்னும் ஒரு பிள்ளைதானே, ஏற்றுங்கள்" என்று சொல்லும் முன் ஒரு கணம் யோசியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஷொக் மாற்ற நான்கு குடும்பம் சேர்ந்து கொஞ்சம் கொடுத்தால் யாருக்கும் பெரிய பாரம் ஆகாது. அந்த வண்டியில் போவது அமானிதம்.

தம்பிமாருக்கு: பக்கி செய்வதை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தியாவில் 2007இலிருந்து பொறியியல் மாணவர்களுக்கு "பாஹா" என்ற பெயரிலேயே பக்கிப் போட்டி நடக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் போகின்றன. அங்கே சட்டம், ப்ரேக், ஆசனப் பட்டி எல்லாவற்றையும் பரிசோதித்துத் தேறிய பிறகுதான் வண்டியைப் பந்தயத்தில் விடுவார்கள். அந்த ஒழுங்கோடு செய்யுங்கள். பதிவில்லாத வண்டியைப் பொதுப் பாதையில் இறக்க வேண்டாம்.

மணிக்கட்டு முறிந்த தம்பிக்கு இப்போது கட்டு அவிழ்த்தாயிற்று. பக்கி கராஜ் நானாவின் இடத்தில் நிற்கிறது. பின்னுக்கு இரண்டு ஷொக் வாங்கத் தம்பிமார் காசு சேர்க்கிறார்கள். நாங்களும் எங்கள் பங்கைக் கொடுத்தோம். அன்று கேள்வி கேட்டபோது சொல்லாமல் விட்ட விடைக்கு அது குறைந்தபட்சக் கடன்.

தவளம், பழைய கோப்பி வண்டிகள், தோட்டத்து ஜீப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்டலாம். பிழை இருந்தால் திருத்துங்கள். நாளைக் காலை பிள்ளையை ஏற்றும் முன் வண்டியின் பின் மூலையை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் போக்குவரத்தைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. வஸ்ஸலாம்.